சாவி கேட்கும் பெட்டி

கணினியைப் போட்டு, கடவுச்சொல்லைக் கொடுத்து, திரை முழுதாக வந்து நின்ற பிறகு நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி முளைக்கும். ‘உங்கள் சாவிக்கொத்து பூட்டியிருக்கிறது. ஒரு செயலி அதைப் பயன்படுத்த விரும்புகிறது. கடவுச்சொல்லைக் கொடுக்கவும்.’ கீழே ஒரு வெற்றுக் கட்டம். அதற்கும் கீழே ‘வேண்டாம்’, ‘திற’ என்று இரண்டு பொத்தான்கள்.

இப்போதுதானே கடவுச்சொல் கொடுத்து உள்ளே வந்தோம், இன்னொன்று எதற்கு? முதல் நாள் அவள் அதே கடவுச்சொல்லையே தட்டிப் பார்த்தாள். தவறு என்றது. ‘வேண்டாம்’ என்பதை அழுத்தினாள். போய்விட்டது. மறுநாள் காலையில் மறுபடியும் வந்து நின்றது. இந்த வாடகை வீட்டுக்கு வந்து, பழைய சாமான் கடையில் இந்தக் கணினியை வாங்கி மேசையில் வைத்ததிலிருந்து இதே கதைதான்.

வேறு யாருக்காவது இந்தத் தொல்லை என்றால் அவளிடம்தான் கேட்டிருப்பார்கள். லினக்ஸ் என்ற இயங்குதளத்தை வீட்டுக் கணினியில் போட்டுக்கொண்டவர்களுக்காக வெள்ளிதோறும் வரும் ஓர் இணைய இதழில் செய்தியும் குறிப்பும் எழுதுவது அவள் வேலை. பலர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கும் இயங்குதளம் அது. எடுத்துக்கொள்வது சுலபம். அச்சுப்பொறி அச்சடிக்க மறுக்கும்போது, ஒலி திடீரென்று ஊமையாகும்போது யாரைக் கேட்பது? அதற்குத்தான் அவள். முன்பெல்லாம் குறிப்புகளின் கீழே அவள் பெயர் இருக்கும். ஊர் மாறியதும் எடுக்கச் சொல்லிவிட்டாள். இப்போது எல்லாம் இதழை நடத்துபவரின் பெயரிலேயே வருகின்றன. அவருக்கு நெஞ்சு வரை தாடி; படத்தில் பார்த்ததுதான், நேரில் சந்தித்ததில்லை. அவருக்கு அவள் ஆசிரியரம்மா, அவளுக்கு அவர் தாடி.

அந்த வாரம் லினக்ஸின் புதிய பதிப்பு ஒன்று வெளியாகியிருந்தது. பழையதிலிருந்து புதியதற்கு மாறியவர்கள் பலருக்கும் அதே சாம்பல் பெட்டி வர ஆரம்பித்திருந்தது. கேள்விகள் குவிந்தன. காலையிலேயே தாடி தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டார்.

“ஆசிரியரம்மா, இந்த வாரம் அந்தச் சாவிக்கொத்து விஷயத்தையே போட்டுடலாமா? நாலு வரில முடிஞ்சுடும். பழைய கடவுச்சொல்லைக் குடு, பூட்டு தொறக்கும், புதுசா மாத்திக்கோ. அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான். ஆனா நான் செஞ்சு பாத்துட்டு எழுதறேன்.”

“ஊரே சொல்ற குறிப்புங்க அது.”

“ஊரே சொல்லட்டும். நான் என் கையால ஒரு தடவை செஞ்சு பாக்காம எதையும் போட்டதில்ல, தாடி. உங்களுக்கே தெரியும்.”

“தெரியும், தெரியும். உப்பு சரியான்னு பாக்க நீங்க கடலையே குடிப்பீங்க. பாத்துட்டுச் சொல்லுங்க.”

சாவிக்கொத்து எப்படி வேலை செய்கிறது என்று இங்கே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடப்பதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது. நம் கணினியில் ஓடும் செயலிகளுக்குப் பல கடவுச்சொற்கள் தேவைப்படுகின்றன. மின்னஞ்சலுக்கு ஒன்று, எங்கோ இருக்கும் சேமிப்பகத்துக்கு ஒன்று. அவற்றை ஒவ்வொரு முறையும் நம்மிடம் கேட்காமல் இருக்க, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டுப் பூட்டி வைத்துக்கொள்கின்றன. அந்தக் கோப்புதான் சாவிக்கொத்து. அதைத் திறக்கும் சொல்லும், நாம் கணினிக்குள் நுழையும் சொல்லும் ஒன்றாக இருந்தால், நாம் நுழையும்போதே அது சத்தமில்லாமல் திறந்துகொள்ளும். அப்படி ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாது. நுழையும் சொல்லை மாற்றிவிட்டு, கொத்தின் பூட்டு பழைய சொல்லிலேயே நின்றுபோனால்தான் பெட்டி வரும்.

அவளுக்கு வந்ததும் அப்படித்தான். லினக்ஸ்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வீடு மாறும்போது அலமாரியைக் காலி செய்யாமல், இழுப்பறைகளோடு அப்படியே தூக்கி வண்டியில் ஏற்றுவோமே, அதுபோல, பழைய கணினியிலிருக்கும் தங்கள் ‘ஹோம்’ ஃபோல்டரை முழுதாக நகலெடுத்துப் புதிய கணினியில் வைத்துவிடுவார்கள். எழுதியது, படங்கள், பிடித்த நிறம், எழுத்தின் அளவு, சாவிக்கொத்துகூட, எல்லாம் பழையபடியே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதில் அவர்களுக்கு ஒரு பெருமை. முன்பிருந்த வீட்டை விட்டுப் புறப்பட்ட அன்று அவளும் வெளியே செருகும் சின்ன வட்டு ஒன்றில் அப்படித்தான் எடுத்துக்கொண்டு வந்தாள். மகளின் உடுப்புகளை மடிக்கக்கூட நேரமிருக்கவில்லை. இது மட்டும் பழக்க தோஷத்தில் தானாக நடந்தது.

பெட்டி எதிரே நின்றது. அவள் பழைய கடவுச்சொல்லைத் தட்ட ஆரம்பித்தாள்.

அது அவள் வைத்த சொல் இல்லை. அவளை மணந்தவன் வைத்துக் கொடுத்தது. அதன் பாதி அவனுடைய பெயர். இரண்டெழுத்து போட்டதும் விரல்கள் நின்றுவிட்டன. இடது கையில் இரண்டு விரல்கள் அவளுக்கு முழுதாக மடங்காது. ஒரு கதவிடுக்கில் அவன் வைத்து அழுத்திய விரல்கள் அவை. அந்தப் பெயரைத் தட்ட அந்த விரல்கள்தான் வேண்டியிருந்தன. மனம் ஒப்பவில்லை. சும்மா பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘ஒரு செயலி அதைப் பயன்படுத்த விரும்புகிறது.’

ஒரு செயலி. எந்தச் செயலி?

இதைக் கேட்டு அவள் எந்தக் குறிப்பும் படித்ததில்லை. அவள் எழுதவிருந்த நாலு வரியிலும் இந்தக் கேள்வி இல்லை. பெட்டியை எப்படிப் போக்குவது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அனுப்பியது யார் என்று யாரும் கேட்பதில்லை. அவள் எண்ணிப் பார்த்தாள். மின்னஞ்சலை உலாவியிலேயே படிக்கிறாள், அதற்கென்று தனிச் செயலி வைத்துக்கொள்ளவில்லை. உலாவி தன் சொற்களைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும்படி அவளே மாற்றியிருந்தாள். இணையம் வயரில் வருகிறது, அதற்குக் கடவுச்சொல் கிடையாது. இந்தக் கணினியில் அவள் நிறுவிய எதற்கும் சாவிக்கொத்து தேவையே இல்லை.

அப்படியானால் தினமும் காலையில் வந்து கேட்பது யார்?

தட்டிய இரண்டெழுத்தையும் அழித்தாள். ‘வேண்டாம்’ அழுத்தினாள். மேசைக்கடியில் குனிந்து, கணினியின் முதுகிலிருந்து இணைய வயரைப் பிடுங்கினாள். எழுந்தபோது தலை மேசையின் விளிம்பில் இடித்தது.

“என்னடி, பூனை மாதிரி கீழ போய் உருட்டற?” கூடவே தங்கியிருக்கும் அவள் அக்கா குளியலறையிலிருந்து தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். அக்காவுக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை, மதியத்துக்கு மேல்தான் போவாள். “நெட்டு இல்லையா? எனக்கு டூட்டி சார்ட் பாக்கணுமே.”

“அப்புறம் பாத்துக்கலாம். கொஞ்சம் சும்மா இரு அக்கா.”

“சும்மாதான் இருக்கேன். உன் மூஞ்சிதான் சரியில்ல. ரூட் கெனால்னு சொன்னதும் பேஷன்ட் ஒருத்தர் இப்படித்தான் ஆனாரு, தண்ணி தெளிச்சோம்.”

அவள் கோப்புகளின் சாளரத்தைத் திறந்து, கன்ட்ரோலையும் ஹெச்சையும் சேர்த்து அழுத்தினாள். லினக்ஸில் ஒரு பெயர் புள்ளியில் தொடங்கினால் அது கண்ணில் படாது. ரகசியம் ஒன்றுமில்லை, செயலிகள் தங்கள் அமைப்புகளை நம் காலில் இடறாதபடி ஒதுக்கி வைக்கும் இடம், அவ்வளவுதான். அந்த இரண்டு விசையை அழுத்தினால் எல்லாம் வெளியே வரும். நாலைந்து ஃபோல்டர்கள் இருந்த இடத்தில் இப்போது திரை நிறைந்து வழிந்தது. அதில் ‘கான்ஃபிக்’ என்பதற்குள்ளே ‘ஆட்டோஸ்டார்ட்’ என்று ஒரு ஃபோல்டர். நாம் நுழைந்ததும் நம்மைக் கேட்காமலே எவையெல்லாம் ஓடத் தொடங்க வேண்டும் என்பதற்கான சீட்டுகள் அங்கேதான் இருக்கும்.

அங்கே ஒரே ஒரு சீட்டு இருந்தது. திறந்தாள். ஓட்ட வேண்டிய செயலி இருக்கும் இடம் எழுதியிருந்தது. அதுவும் புள்ளியில் தொடங்கும் இன்னொரு ஃபோல்டர், அவளுடைய ஹோமுக்குள்ளேயே. அதற்குள் போனாள். ஒற்றைக் கோப்பாக ஒரு செயலி. நிறுவத் தேவையில்லாமல், வைத்த இடத்திலிருந்தே ஓடும் வகை. அதனால்தான் நிறுவிய செயலிகளின் பட்டியலில் அது வரவில்லை. ஹோமை நகலெடுத்தபோது அதுவும் கூடவே வண்டியேறி வந்துவிட்டது. பக்கத்தில் அதன் அமைப்புக் கோப்பு. அதைத் திறந்ததும் முதல் வரியில், அது கோப்புகளைக் கொண்டு சேர்க்க வேண்டிய சர்வரின் பெயர்.

கிடங்கு.

அந்தப் பெயரை வைத்தவன் அவன். நெட்வொர்க் வேலை பார்க்கிறவன். படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில், போர்வைகளுக்குப் பின்னால் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்த கறுப்புப் பெட்டிதான் கிடங்கு. வீட்டிலிருக்கும் எல்லாக் கணினிகளின் ஆவணங்களிலும் ஒரு பிரதி தானாகவே அதில் ஏறும். கணினியை வெளியூருக்குக் கொண்டுபோனாலும் இணையம் வழியாக ஏறும். காப்பு என்றான். இரவுச் சாப்பாட்டில், அன்று பகல் அவள் எழுதி வைத்த ஏதாவது ஒன்றிலிருந்து ஒரு வார்த்தையை எடுத்து, சாவகாசமாக, குரலை உயர்த்தாமல், “இது என்னம்மா?” என்று கேட்பான். அதனால் ஒரு நாள் அவள் பிரதி ஏற்றும் அந்தச் செயலியைத் தன் கணினியிலிருந்து நீக்கிவிட்டாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது அப்போது ஆறுதலாக இருந்தது. இப்போது ஒற்றைக் கோப்பின் தேதியைப் பார்த்தாள். அவள் நீக்கியதற்குப் பிந்தைய தேதி.

தாடியைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவருக்கு அவள் கதை கொஞ்சம் தெரியும். பெயரை எடுக்கச் சொன்னபோது சொல்லியிருந்தாள்.

“சரி. பதறாதீங்க. ஓடற செயலின்னா திரை மூலையில சின்னப் படம் ஏதாவது காட்டியிருக்கணுமே அது?”

“பழைய மெஷின்ல மூலையில படங்க வரும், அதுல தெரியாம மறைச்சு வெச்சிருப்பான். இங்க நான் போட்டிருக்கற டெஸ்க்டாப்ல அந்த மூலையே கிடையாது. அது ஓடறதுக்கு ஒரே அடையாளம் இந்தப் பெட்டிதான்.”

“எந்த ஃபோல்டரை ஏத்தும்?”

“டாக்குமென்ட்ஸ். அதுலதான் எல்லாம் இருக்கு தாடி. வாடகை ஒப்பந்தம். மிளகோட ஸ்கூல் விண்ணப்பம், போட்டோவோட, அட்ரஸோட. அக்காவோட வேலைக் கடிதம்.”

மிளகு அவள் மகள். கறுப்பாய், சின்னதாய், எந்நேரமும் சுர்ரென்று இருப்பதால் வந்த பெயர். அந்த நேரம் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அவள் படிக்கும் பள்ளியின் பெயரை அறிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவளும் மிளகும் வீட்டைவிட்டு வந்த மறுநாள் அவன் அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டான். மரியாதையாகத்தான் பேசினான். “எங்க இருக்காங்கன்னு மட்டும் சொல்லுங்க அக்கா. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.” அந்த ‘மிச்சம்’ என்ற சொல்லைக் கேட்ட பிறகுதான் அக்காவும் எண்ணை மாற்றிக்கொண்டு, வேலையை விட்டு, இவர்களோடு ஊர் மாறினாள்.

“கேளுங்க,” என்றார் தாடி. “சாவிக்கொத்து தொறக்கல. கொத்துல இருக்கற கடவுச்சொல் கையில கிடைச்சாதான் அது சர்வருக்குள்ள போக முடியும். நீங்க ஒவ்வொரு தடவையும் ‘வேண்டாம்’தானே அழுத்தினீங்க? அப்போ ஒண்ணும் போயிருக்காது. பெட்டி உங்களக் காப்பாத்தியிருக்கு.”

“ஆமா. நான் ஒரு தடவைகூட அந்தப் பழைய...”

“ஏன்டி,” என்றாள் அக்கா. துவட்டிய துண்டு தோளில் அப்படியே நின்றது. “அந்தச் சாம்பல் கலர் பெட்டியா?”

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“நேத்து நீ கடைக்குப் போனப்ப ஒரு பிரின்ட் எடுக்க ஒக்காந்தேன். அது வந்து மறைச்சுக்கிட்டு நின்னுது. மிளகு பேரைப் போட்டேன், கேக்கல. அவ பொறந்தநாளப் போட்டேன், கேக்கல. அப்புறம்...”

“அப்புறம்?”

“உன் புருஷன் பேரு ஞாபகம் வந்துது. அவன்தானே உனக்கு எல்லாத்தையும் வெச்சுக் குடுப்பான்னு, அதப் போட்டு பின்னாடி ஏதோ நம்பர் போட்டேன். பெட்டி போயிடுச்சு.”

“போயிடுச்சுன்னா? தொறந்துச்சா, இல்ல நீ ‘வேண்டாம்’ அழுத்தினியா?”

“எனக்கு எப்படிடி தெரியும்? போயிடுச்சு! பிரின்ட் வந்துது! நான் என்ன கனவா கண்டேன், ஒரு பெட்டிக்கு இவ்வளவு இருக்கும்னு?”

கீழே டயர் கடையில் காற்றடிக்கும் இயந்திரம் உறுமி நின்றது. அக்கா துண்டை நாற்காலியில் எறிந்துவிட்டுச் செருப்பைத் தேடினாள்.

“நான் ஸ்கூலுக்குப் போறேன். வாசல்லயே நிக்கறேன். நீ பாத்துச் சொல்லு. நீ சொல்ற வரைக்கும் அவள என் கண்ணுல இருந்து விடமாட்டேன்.”

படியில் அக்கா இறங்கும் சத்தம் நின்றதும் வீடு மிகவும் பெரிதாகிவிட்டது. அவள் கதவைத் தாழிட்டாள். தாழிட்டதைத் திரும்பப் போய்ப் பார்த்தாள்.

“இருக்கீங்களா?” என்றது தொலைபேசி.

“இருக்கேன்.”

“அது சர்வருக்குப் போச்சா இல்லையான்னு பாக்க ஒரு வழி இருக்கு. இந்த மாதிரி செயலிங்க, தான் கடைசியா எத ஏத்தினோம்னு ஞாபகம் வெச்சுக்க, ஏத்தற ஃபோல்டருக்குள்ளயே ஒரு சின்ன கோப்பு வெச்சிருக்கும். அதுவும் மறைஞ்சுதான் இருக்கும். ஒவ்வொரு தடவை சர்வர்கிட்ட பேசும்போதும் அதுல எழுதும். எழுதினா தேதி மாறும்.”

அவளுக்குத் தெரிந்ததுதான். தெரிந்ததையும் ஒருவர் வாயால் கேட்கும்போதுதான் அன்றைக்குப் புரிந்தது. டாக்குமென்ட்ஸுக்குள் போனாள். மறைந்த கோப்பு இருந்தது. மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, அதன் விவரங்களைக் கேட்டாள். சாளரம் திறக்கும் நொடியில் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு ஒற்றைக் கண்ணைத் திறந்தாள்.

கடைசியாக மாற்றப்பட்டது: அவர்கள் அந்த வீட்டை விட்டுக் கிளம்பிய நாள், காலை.

வட்டில் நகலெடுத்தபோது தேதிகள் மாறாமல் வரும்படிதான் எடுத்திருந்தாள். நேற்று அக்கா போட்டது சரியாக இருந்திருந்தால் இங்கே நேற்றைய தேதி இருந்திருக்கும். இல்லை. அக்கா ‘வேண்டாம்’தான் அழுத்தியிருக்கிறாள். அவள் தாடியிடம் சொன்னாள். சொல்லும்போதே அழுகை வந்தது. வாடகை ஒப்பந்தமும் விண்ணப்பமும் வேலைக் கடிதமும் இந்த ஊருக்கு வந்த பிறகு உண்டானவை. அவை எங்கேயும் போகவில்லை.

ஆனால் தாடி மறுமுனையில் சந்தோஷப்படவில்லை. அவர் எதையோ விழுங்குவது கேட்டது.

“சொல்லுங்க தாடி. மறைக்காதீங்க.”

“உள்ள போகத்தான் சாவி வேணும்,” என்றார். “கதவத் தட்டறதுக்கு வேணாமே.”

அவளுக்குப் புரிந்துவிட்டது. சில செயலிகள் முதலில் சாவியைக் கேட்கும். கிடைத்த பிறகுதான் சர்வரைத் தேடிப் புறப்படும். சில செயலிகள் முதலில் சர்வரிடம் போய் ‘இருக்கிறாயா?’ என்று ஒரு தட்டு தட்டிவிட்டு, ‘இருக்கிறேன்’ என்றதும் வந்து சாவியைக் கேட்கும். தட்டுவதோடு நின்றுபோனால் ஃபோல்டரில் எந்தத் தேதியும் மாறாது. ஆனால் அந்தப் பக்கத்தில் கிடங்கு தன் வழக்கப்படி குறித்துக்கொள்ளும்: இந்த நேரத்தில், இந்த இணைய முகவரியிலிருந்து யாரோ தட்டினார்கள். இணைய முகவரியை வைத்துத் தெருவைச் சொல்ல முடியாது. ஊரைச் சொல்லிவிடலாம், அநேகமாக.

ஊர் போதும். இந்த ஊரில் எத்தனை பள்ளிக்கூடங்கள் இருந்துவிடப் போகின்றன? ஒவ்வொன்றின் வாசலிலும் மணியடிக்கும் நேரத்தில் ஒருவன் போய் நிற்கலாம். அவசரமே இல்லாமல், ஒரு நாளைக்கு ஒரு வாசலாக. அவன் தேடி அலையக்கூட வேண்டியதில்லை. அவள் பழைய அலமாரியை இழுப்பறைகளோடு தூக்கிக்கொண்டு போவாள், என்றைக்காவது அதைத் திறப்பாள் என்று தெரிந்து, கிடங்கின் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே போதும். லினக்ஸ்காரர்களின் பழக்கம் அவனுக்கும் தெரியும்.

தினமும் காலையில் அவள் கணினியைப் போட்டிருக்கிறாள். தினமும் பெட்டி வந்திருக்கிறது. தினமும் தட்டியதா?

அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. தாடியை நிறுத்திவிட்டு எடுத்தாள்.

“ஸ்கூல் வாசல்ல இருக்கேன். ஒரு ஆளு சுவத்துல சாஞ்சு நிக்கறான்டி. தொப்பி போட்டு... இரு... திரும்பறான்...” மூச்சு மட்டும் கேட்டது. “இல்ல. வேன் டிரைவர். பல்லு பூராவும் கறை. எங்க டாக்டர் பாத்தா வீடு கட்டிடுவாரு.”

“அக்கா, வெளிய நிக்காத. உள்ள போயி ஆபீஸ்ல ஒக்காரு. மிளகை யார் கேட்டாலும் விடக்கூடாதுன்னு சொல்லு.”

“சொல்லிட்டேன். நீ அழாத. அழுதா கண்ணு தெரியாது, கண்ணு தெரியலன்னா எப்படிப் பாப்ப?”

மறுபடி தாடி. இருவருமே அடுத்து என்ன செய்வதென்று அறிந்திருந்தார்கள். வழக்கமாக ஒரு செயலியைச் சொடுக்கித் தொடங்கினால் அது என்னென்ன செய்கிறது என்று நமக்குச் சொல்லாது. அதே செயலியை டெர்மினல் என்ற கறுப்புத் திரையில் பெயரைத் தட்டித் தொடங்கினால், தான் செய்யும் ஒவ்வொன்றையும் வரிவரியாக முணுமுணுக்கும். அதுவும் செய்கிற வரிசையில். எது முதலில் என்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. சர்வர் முதலா, சாவி முதலா?

“வயரு வெளியதானே இருக்கு?”

“வெளியதான் இருக்கு.” ஆனாலும் குனிந்து பார்த்தாள். வயரின் முனை தரையில், தூசியில் கிடந்தது. அதை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

ஏற்கெனவே பின்னால் ஓடிக்கொண்டிருந்ததை முதலில் நிறுத்தினாள். கறுப்புத் திரையில் ஒற்றைக் கோப்பு இருக்கும் இடத்தைத் தட்டினாள். கடைசி எழுத்து விழுந்ததும் நிறுத்தினாள். இன்னும் என்டர் அழுத்தவில்லை. அழுத்தாத வரைக்கும் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்.

“என்ன வந்தாலும், வந்த வரியை அப்படியே படிச்சுச் சொல்லுங்க,” என்றார் தாடி. “முதல்ல சர்வர் பேரு வந்துதுன்னா, இன்னிக்கே கிளம்பிடுங்க. எங்க வீட்டு மாடி காலியாத்தான் இருக்கு. எங்கம்மா ஒண்ணும் கேக்கமாட்டாங்க. கேட்டாலும் என் தாடியப் பத்தித்தான் கேப்பாங்க.”

அவள் என்டரை அழுத்தினாள்.

ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு வரி.

“தொடங்குது-ன்னு சொல்லுது.”

“ம்.”

“அமைப்பைப் படிச்சாச்சுன்னு சொல்லுது.”

“ம். அடுத்தது?”

அடுத்தது வரவில்லை. வரி முடிந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் ஒன்று விட்டுவிட்டு மின்னியது. தட்டப் போகிறதா? தட்டுவதற்குக் கதவு இல்லாமல் தேடுகிறதா? வயரில்லாததால் தடுமாறி நிற்கிறதென்றால், சர்வர்தான் முதல். இத்தனை நாளும் தட்டியிருக்கிறது என்று பொருள். எந்தப் பெட்டியைப் பார்த்தால் இத்தனை நாளும் சலித்துக்கொண்டாளோ, அந்தப் பெட்டி வர வேண்டும் என்று திரையின் நடுவையே பார்த்தாள். வா. வந்து தொலை. சாவியைக் கேள்.

சாம்பல் பெட்டி முளைத்தது.

“பெட்டி! தாடி, பெட்டி வந்துடுச்சு!”

“சர்வர் பேரு?”

“இல்ல. டெர்மினல்ல அந்தப் பேரே வரல.”

“வேண்டாம் அழுத்துங்க. அழுத்திட்டு, அடுத்த வரியப் படிங்க.”

அழுத்தினாள். பெட்டி மறைந்தது. அதன் பின்னாலிருந்த கறுப்புத் திரையில் ஒரே சமயத்தில் இரண்டு வரிகள் விழுந்தன. அவள் அவற்றை உரக்க, தமிழாக்கிப் படித்தாள். “சாவி கிடைக்கவில்லை. சர்வரைத் தொடர்புகொள்ளாமல் நிறுத்துகிறேன்.”

தாடி நீளமாக மூச்சு விட்டார். அது தொலைபேசியில் புயல் மாதிரி கேட்டது.

அவள் இன்னொரு முறை ஓட்டினாள். அதே வரிகள், அதே வரிசை. அதற்குப் பிறகும் ஒரு முறை ஓட்டினாள். சாவி முதல், சாவி இல்லாவிட்டால் அது வாசற்படியைத் தாண்டுவதே இல்லை. பிறகுதான் அக்காவைக் கூப்பிட்டாள்.

“போகல அக்கா. எதுவுமே போகல. அவனுக்குத் தெரியாது.”

“சத்தியமா?”

“அதுவே அதோட வாயால சொல்லிடுச்சு.”

“மணி அடிச்சதும் கூட்டிட்டு வரேன்,” என்றாள் அக்கா. “இனிமே அந்த மெஷின்ல நான் கையே வைக்கமாட்டேன்டி.”

“வை. ஆனா பெட்டி வந்தா என்னைக் கூப்பிடு.”

அவர்கள் வரும்வரை அவள் சும்மா இருக்கவில்லை. வயர் வெளியே கிடக்க, கணினியில் தனக்குப் புதிதாக ஒரு பயனர் கணக்கைத் தொடங்கினாள். அதற்குப் புதிய கடவுச்சொல், இம்முறை தானே யோசித்தது. பழைய ஹோமிலிருந்து தான் எழுதியவற்றையும் மகளின் படங்களையும், ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, புதிய கணக்குக்கு மாற்றினாள். புள்ளியில் தொடங்கும் எதையும் தொடவில்லை. பிடித்த நிறமும் எழுத்தின் அளவும் போனால் போகட்டும். பழைய கணக்கை அதன் ஹோமோடு சேர்த்து அழித்தாள். வெளிவட்டில் இருந்த நகலை மட்டும் அழிக்கவில்லை. ஒற்றைக் கோப்பும் அதன் தேதியும் அதில் இருந்தன. வக்கீலிடம் கொடுப்பதற்காக அந்த வட்டை உறையில் போட்டு ஒட்டினாள்.

கணினியை அணைத்து, வயரைச் செருகாமல், மறுபடி போட்டாள். பெயரைக் கொடுத்தாள். கடவுச்சொல்லைக் கொடுத்தாள். திரை முழுதாக வந்து நின்றது. காத்திருந்தாள். பெட்டி வரவில்லை. ஆட்டோஸ்டார்ட் ஃபோல்டரைத் திறந்தாள், காலி. அதன் பிறகுதான் வயரைச் செருகினாள். செருகிய பிறகும் கதவின் தாழைப் போய்ப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை இதழில் அவள் எழுதிய குறிப்பு, வழக்கம்போல் அவள் பெயர் இல்லாமல், இப்படி வந்தது:

கணினிக்குள் நுழைந்த பிறகு சாவிக்கொத்துக்குக் கடவுச்சொல் கேட்டு ஒரு பெட்டி வந்தால், பழைய கடவுச்சொல்லை உடனே கொடுத்துவிடாதீர்கள். ‘வேண்டாம்’ அழுத்தி, இணைய இணைப்பைக் கழற்றுங்கள். கோப்புகளின் சாளரத்தில் கன்ட்ரோலையும் ஹெச்சையும் சேர்த்து அழுத்தி, கான்ஃபிக்குக்குள் இருக்கும் ஆட்டோஸ்டார்ட் ஃபோல்டரில் எந்தச் செயலி காத்திருக்கிறது என்று பாருங்கள். கேட்பது நீங்களே வைத்த செயலி என்று உறுதியானால், பழைய கடவுச்சொல்லைக் கொடுத்துத் திறந்து, புதியதாக மாற்றிக்கொள்ளுங்கள். பெட்டி இனி வராது. அது நீங்கள் வைக்காத செயலி என்றாலோ, எது கேட்கிறதென்று கண்டுபிடிக்க முடியாவிட்டாலோ, ஹோம் ஃபோல்டரின் ஒரு நகலைத் தனி வட்டில் எடுத்து வைத்துவிட்டு, புதிய பயனர் கணக்கைத் தொடங்கி, உங்கள் ஆவணங்களையும் படங்களையும் மட்டும் அதற்கு மாற்றி, பழைய கணக்கை அதன் ஹோமோடு அழித்துவிடுங்கள். அப்போதும் பெட்டி வராது.